கூட்டுரோட்டில் காத்திருக்கும் நண்பர்களுக்கு



தாம்பரத்திலும் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் சித்தாலப்பாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் குடியிருந்துகொண்டு, கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தோ, அல்லது ஒன்றும் படிக்காமல் ஒரு சிநேகிதனுடைய குறும்படத்துக்கு வேன் பிடித்துக் கொடுத்த பழக்கத்தினாலோ, எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், சொந்தப் பொறுப்பில் விளம்பரப் படங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் தயாரிப்பு நிர்வாகம் பார்க்கப் புறப்பட்டிருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். கடந்த ஓராண்டுக்குள் உங்களில் ஏழெட்டுப் பேராவது என்னைத் தேடிக்கொண்டு மேடவாக்கத்துக்கு வந்திருப்பீர்கள். மேம்பாலத்தின் அடியில், டீக்கடை வாசலில், பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே நின்றபடி நான் சொன்னவை அரைகுறையாகவே இருந்திருக்கும் என்ற எண்ணம் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஆகையால் சாவகாசமாக உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவாக, எழுத்திலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

நீங்கள் எல்லோரும், ஒருவர் தவறாமல், முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அண்ணே, ஒரு ஷூட்டுக்கு எவ்வளவு கேட்கலாம்?" நியாயமான கேள்வி, வாடகையும் வண்டிக் கடனும் மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கிறவன் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பான்? ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி நானும் ஒரு தொகையைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் நீங்கள் போன பிறகு, அதற்கும் முன்பாகக் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வியை உங்கள் காதில் போடாமல் விட்டுவிட்டோமே என்ற குறை ஒவ்வொரு தடவையும் எனக்கு உண்டாயிற்று. பேக்கப் ஆகிற அன்று இரவு, லைட்மேனுக்கும் வேன் டிரைவருக்கும் சமையற்காரருக்கும் புரொடக்ஷன் பையனுக்கும் எண்ணிக் கொடுக்கிறோமே, அந்தப் பேட்டா யாருடைய பணம் என்பதே அந்தக் கேள்வி. இருபத்திரண்டு வருஷங்களாக இந்தத் தொழிலில் நான் பட்டறிந்தவற்றில், பிறருக்குச் சொல்லத் தக்கது என்று நான் நினைப்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்கிறது.

நம்முடைய வேலைக்கு ஊரார் அறிந்த பெயர் ஒன்று இன்னும் அமையவில்லை. புரொடியூசர் என்றால் முதல் போடுகிற முதலாளி என்று எண்ணுகிறார்கள். யூனிட்டில் மேனேஜர் என்று கூப்பிடுகிறார்கள். பெரிய விளம்பரக் கம்பெனிகள் லைன் புரொடியூசர் என்று எழுதுகின்றன. பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றே: பணம் தருகிறவர் ஒரு பக்கமும், படத்தை மனத்தில் கண்டவர் மற்றொரு பக்கமும் இருக்க, இருவருக்கும் இடையே நின்று, இன்ன தேதியில் இன்ன இடத்தில் இத்தனை பேர் இத்தனை மணிக்கு வந்து சேர்வார்கள், அவர்களுக்குச் சோறு இருக்கும், மின்சாரம் இருக்கும், போலீஸ் அனுமதி இருக்கும், மழை வந்தால் ஒதுங்க இடம் இருக்கும் என்று வாக்குக் கொடுப்பதும், அந்த வாக்கை நிறைவேற்றுவதும். காமிரா முன்னால் நடக்கிற எதையும் நாம் செய்வதில்லை. அது நடப்பதற்கு வேண்டிய எல்லாம் முதல் நாள் இரவுக்குள் நம்மால் ஆகியிருக்க வேண்டும்.

விடியற்காலை நாலேகால் மணிக்கு மேடவாக்கம் கூட்டுரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிற சாலையும் சோழிங்கநல்லூரிலிருந்து வருகிற சாலையும் கூடுகிற அந்த இடம், பகலெல்லாம் மனிதன் குறுக்கே கடக்க முடியாதபடி நெருக்குகிறது. அந்த நேரத்தில் மாத்திரம் அகலமாகக் கிடக்கும். பூக்கடைக்காரர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பார். சாலிகிராமத்திலிருந்து அவுட்டோர் யூனிட் வண்டி விளக்குகளை ஏற்றிக்கொண்டு வந்து ஓரமாக நிற்கும். பின்னாலேயே ஜெனரேட்டர் வண்டி. சித்தாலப்பாக்கத்து அக்கா ஒருவர் ஹாட்பேக்கில் அறுபது இட்லிகளும் தூக்கில் சாம்பாரும் கொண்டு வந்து, "எண்ணிக்கோ தம்பி" என்று வைப்பார். நான் எண்ணுவதில்லை, அவர் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. அங்கிருந்து பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரிலோ உத்தண்டியிலோ வாடகைக்கு எடுத்த பங்களாவை, சாலையில் கூட்டம் சேருமுன் அடைந்துவிடலாம். இந்த வசதிக்காகத்தான் 2009-இல், இங்கே மேம்பாலமும் இல்லாத காலத்தில், கோடம்பாக்கத்து வாடகைக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் நான் குடும்பத்தோடு மேடவாக்கம் வந்தேன். என்னைப் போல் லைட்மேன்களும் மேக்கப் உதவியாளர்களும் துணை நடிகர்களும் பலர், வாடகை குறைந்த இடம் தேடித் தெற்கே தெற்கே நகர்ந்து இப்பக்கத்தில் குடியேறியிருக்கிறார்கள். ஆகவே நாம் வாக்குக் கொடுக்கிற ஜனங்கள் வேறெங்கோ இல்லை. காலையில் பால் வாங்குகிற கடையில் நமக்கு அடுத்தாற்போல் நிற்கிறார்கள்.

இந்தத் தொழில் எப்போதும் இப்படி அந்தரத்தில் நின்றதில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். எஸ். எஸ். வாசன் 1948-இல் 'சந்திரலேகா'வை வெளியிட்ட நாட்களில், ஜெமினி ஸ்டூடியோவில் தச்சரும் தையற்காரரும் வர்ணம் அடிப்பவரும் கணக்கெழுதுபவரும் மாதச் சம்பளக்காரர்களாகவே இருந்தார்கள். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸிலும், அதே 1948-இல் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்த ஏவி.எம்.மிலும் ஸ்டூடியோ என்பது ஒரு பெரிய ஸ்தாபனமாக, அதற்குள் வேலை செய்தவனுக்குக் கூரையாக இருந்தது. அந்தக் கூரையில் ஒழுகல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதலாளியின் கோபத்துக்கு ஆளானவன் மறுநாளே வெளியே நின்றதும் உண்டு. ஆனாலும் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதல் தேதி என்று ஒன்று இருந்தது. பின்பு ஸ்டூடியோக்களின் ஆதிக்கம் தளர்ந்தது. 1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்த பிற்பாடு காமிரா வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் போவதே வழக்கமாயிற்று. காமிரா தளத்தை விட்டு வெளியே வந்த அன்றுதான், சோற்றையும் வெளிச்சத்தையும் படுக்கையையும் சுமந்துகொண்டு அதன் பின்னாலேயே ஓடுகிற ஒருவன் முன்னைவிட அவசியமானான்; அவனுக்குரிய கூரையும் அன்றுதான் போயிற்று.

ஜெமினியில் பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்த அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' நாவலை உங்களில் எத்தனை பேர் படித்திருப்பீர்களோ தெரியாது. அதில் வரும் தயாரிப்பு நிர்வாகி நடராஜனைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடிந்ததில்லை. ஊருக்கெல்லாம் வண்டி அனுப்பி ஆள் சேர்க்கிற அவனுக்கு, கம்பெனி சரியும்போது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் கிடைப்பதில்லை. அந்நாவலைச் சினிமாக் கதை என்று ஒதுக்கிவிடாமல், நம் தொழிலின் பாடப்புத்தகமாகக் கொண்டு ஒரு முறை படித்துவிடுங்கள்.

சினிமாத் தொழிலாளர்கள் இந்த நிலையை வாய் மூடி ஏற்றுக்கொண்டுவிடவில்லை. வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்து 1960-இல் 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கிய ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும், அதற்கு இசையமைத்த எம். பி. சீனிவாசனும் சங்கம் அமைக்கும் காரியத்தில் முன்னின்றார்கள். அவர்களைப் போன்றவர்களின் பிரயத்தனத்தினால் வளர்ந்ததுதான் இன்று நாம் ஃபெப்சி என்று வழங்குகிற தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். கால்ஷீட் இத்தனை மணி நேரம், அதற்கு மேற்பட்டால் பேட்டா இவ்வளவு, வெளியூரானால் இவ்வளவு என்றெல்லாம் இன்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுகிற கணக்குகள் அந்தச் சங்கங்கள் வாதாடிப் பெற்றவை. ஆனால் உங்களுக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி, நகைக்கடை விளம்பரமும் அடுக்குமாடி விற்பனை வீடியோவும் கம்பெனி ஆண்டுவிழாப் படமும், அந்தக் குடைக்கு வெளியே நடக்கிறது. அங்கே சங்கத்து விதி இல்லை. உங்கள் வாய்ச்சொல்லே விதி. உங்கள் வயது இருபத்து மூன்று. எதிரே நிற்கிற லைட்மேனுக்கு ஐம்பது. "மேனேஜர் சொல்லிவிட்டார்" என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார். இந்த ஒரு சொல்லின் பாரத்தை நான் உணர்வதற்கு இரண்டு சம்பவங்கள் வேண்டியிருந்தன.

முதலாவது, வேங்கைவாசலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டில் நடந்தது. ஒரு காப்பித்தூள் விளம்பரத்துக்குப் பழைய வீடு வேண்டும் என்றார்கள். முற்றமும், மரத்தூணும், தலைமுறைகளாகத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி போல் ஆகிவிட்ட சிவப்புக் காவித் தரையும் உள்ள வீடு. பெரியவர் அதற்கு முன் யாருக்கும் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுத்ததில்லை. ஒரே பால்காரரிடம் நாங்கள் பால் வாங்குகிறவர்கள் என்கிற பழக்கத்தினால் எனக்குக் கொடுத்தார். காகிதம் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. "பத்திரமா பார்த்துக்குங்க தம்பி" என்றார். "உங்க வீடு மாதிரி பார்த்துக்குவேன் ஐயா" என்றேன்.

சாயங்காலம் நாலரை மணி. முற்றத்து வெயில் சுவரேறிப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு ஷாட் பாக்கி. நான்தான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். அந்த அவசரத்தில் லைட் ஸ்டாண்டைத் தூக்கி வைக்க நேரமின்றி ஒரு பையன் இழுத்தான். ரப்பர் தேய்ந்துபோன ஒரு கால், கூடத்தின் நடுவே, முழங்கை நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு கிழித்துவிட்டது. சத்தம் சிறியதுதான், ஆனாலும் வீட்டுக்குள்ளே ரேழியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குக் கேட்டுவிட்டது. அவர் எழுந்து வந்தார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தி, அந்தக் கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரையில் மெல்ல ஓட்டினார். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் பழந்துணியும் எடுத்து வந்து, தாமே துடைக்கத் தொடங்கினார்.

"எங்கம்மா வெள்ளிக்கிழமை தோறும் இப்படித்தான் துடைப்பாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

கொத்தனாரை அழைத்து வந்து சரிசெய்து தருகிறேன் என்றேன். வேலை கொடுத்த கம்பெனி, சேதத்துக்குப் பணம் தருவதாக எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டது, எங்கும் எழுதியிருக்கவில்லை. காவித் தரை போடத் தெரிந்த கொத்தனார்கள் அருகிப் போனார்கள். வெகுவாகத் தேடி மாடம்பாக்கத்தில் ஒரு முதியவரைக் கண்டுபிடித்து, என் கைப்பணத்தில் வேலை செய்வித்தேன். அவர் இரண்டு நாள் தேய்த்தும் புதுச் சிவப்பு பழைய சிவப்போடு ஒட்டவில்லை. இன்றைக்கும் அந்தக் கூடத்தில் ஓர் இடம் தனியாகத் தெரிகிறது. பெரியவர் அதன் மேல் பாய் விரித்து வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து என் பையில் பழைய டென்னிஸ் பந்துகள் இரண்டு டஜன் எப்போதும் கிடக்கும். பிளேடால் ஒரு கீறல் போட்டு ஸ்டாண்டின் காலில் மாட்டிவிட்டால் எந்தத் தரையும் தப்பித்துக்கொள்ளும்; முந்நூறு ரூபாய்க்கும் உட்பட்ட செலவு. இதைவிட முக்கியமான மாறுதல், அன்று முதல் வீட்டுக்குள் ஒரு பெட்டியும் இறங்குமுன் தரையையும் சுவரையும் கதவையும் சொந்தக்காரரின் முன்னிலையிலேயே போட்டோ எடுத்து, சேதமானால் யார் கொடுப்பது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கி, கம்பெனியிடமிருந்து அதற்கென்று ஒரு முன்பணமும் பெற்று வைக்கிறேன். இப்படிக் கேட்டால் நம்பிக்கை இல்லாதவன் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று உங்களில் ஒருவர் என்னிடம் தயங்கினார். அந்தப் பெரியவர் என்னை நம்பியதனால்தானே காகிதம் கேட்கவில்லை? நம்பிக் கொடுக்கிறவருக்காகக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டியது நம் கடமை.

இரண்டாவது சம்பவம் பணத்தைப் பற்றியது. இதைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு விளம்பர வேலை, இரண்டு நாள், முப்பத்து நாலு பேர். நூற்றுக்கு முப்பது வீதம் அட்வான்ஸ் வந்தது. மீதி இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று டெலிபோனில் சொன்னார்கள். முன்பு இரண்டு தடவை சொன்னபடி கொடுத்தவர்கள் ஆகையால் நானும் நம்பினேன். இரண்டாம் நாள் இரவு ஒன்பதரை மணிக்குப் பேக்கப் சொன்னபோது, பணம் வரவில்லை. கூப்பிட்டால் எதிர்முனையில் டெலிபோன் அணைந்து கிடந்தது. உத்தண்டி பங்களாவின் போர்ட்டிகோவில் முப்பத்து நாலு பேரும் முகம் கழுவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் வந்தேன். பீரோவில், சீட்டு எடுத்த பணம், ஒரு லட்சத்து இருபதாயிரம் இருந்தது. மகளுடைய கல்லூரி முதல் வருஷக் கட்டணத்துக்கென்று ஒதுக்கியது. என் மனைவி எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு தடவை எண்ணி, ரப்பர் பாண்டு போட்டுக் கையில் கொடுத்தாள். பதினொன்றரை மணிக்குள் கடைசி வவுச்சரில் கையெழுத்து வாங்கி முடித்தேன். கம்பெனியிடமிருந்து மீதிப் பணம் ஏழு மாதம் கழித்து, ஒரு பகுதி குறைந்து வந்தது. அதற்குள் மகளின் கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டியாயிற்று.

இந்தக் கதையை அறிந்த சிலர், நான் செய்தது பெரிய காரியம் என்று புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. யூனிட்டுக்கு நான் செய்தது சரி. மகளுக்குச் செய்தது தவறு. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் என்னை நானே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. முப்பத்து நாலு குடும்பங்களின் கூலி ஒருவன் வீட்டுப் பீரோவை நம்பி நிற்கும்படியான ஏற்பாட்டைத் தியாகம் என்று கொண்டாடக் கூடாது. அந்த இரவுக்குப் பின் நான் வைத்துக்கொண்ட நியதியைச் சொல்கிறேன்: எல்லா நாட்களுக்குமான பேட்டாவும் சாப்பாடும் வண்டி வாடகையும் சேர்ந்த தொகை என் கணக்கில் வந்து விழாத வரையில், கால்ஷீட் நேரத்தை ஒருவருக்கும் அனுப்புவதில்லை. என் கூலி பின்னால் வரட்டும். அதைப் பற்றி நான் வாதாடிக்கொள்கிறேன். ஆனால் பிறர் கூலியை வைத்து நான் யாருக்கும் கடன் கொடுக்க முடியாது. இந்த நியதியினால் மூன்று வேலைகள் கை நழுவிப் போயின. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டவர் இன்னும் பணத்துக்காக அலைகிறார்.

சட்டம் நமக்கு எவ்வளவு துணை வரும் என்பதையும் சொல்ல வேண்டும். திரைப்படத் தொழிலாளர்களுக்கென்று 1981-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தொழிலாளியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் அதன் இலக்கணம் முழுநீளக் கதைப்படத்தை மட்டுமே தழுவியது. விளம்பரப் படத்தை வெளிப்படையாகவே விலக்கியது. நம்மில் எத்தனையோ பேர் ஆயுளின் பாதியை அந்த விலக்குக்குள்ளேயே கழித்திருக்கிறோம். 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், ஒலி-ஒளித் தொழிலாளர் என்ற விரிந்த பெயரின் கீழ், விளம்பரமும் டிஜிட்டல் படைப்பும் உள்ளே கொண்டுவரப்பட்டிருக்கின்றன. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. காகிதத்தில் வந்த இந்த உரிமையைக் கூட்டுரோட்டில் நிற்கிற வேனுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

உங்கள் சொந்தக் கூலிக்கு வேறொரு வழி உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் கீழ் உத்யம் பதிவு செய்துகொண்டவனுக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டுவட்டியாக, வாங்கினவர் கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று கம்பெனிகள் சொல்கிறபோது, அது தொழில் வழக்கம் என்று தலையாட்டாதீர்கள். பதிவை மட்டும் வேலை தொடங்குமுன் செய்துவிடுங்கள். பணம் நின்ற பிறகு ஓடிப் போய்ப் பதிவு செய்வதில் பயனில்லை. வருமான வரி விதிகளில் திரைக்கலைஞர் யார் யார் என்று ஒரு பட்டியல் உண்டு: நடிகர், ஒளிப்பதிவாளர், இயக்குநர், படத்தொகுப்பாளர், பாடகர், வசனகர்த்தா, உடை வடிவமைப்பாளர் வரையில் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், படப்பிடிப்பை நடத்திக் கொடுக்கிறவன் இல்லை. இதனால் உங்கள் வரிக் கணக்கின் முறையே மாறக்கூடும். ஆகவே சினிமாக்காரர் கணக்கைப் பார்த்துப் பழகிய ஓர் ஆடிட்டரை முதல் வருஷமே கேட்டுவிடுங்கள்.

பணத்தைவிட முந்தியது உயிர். 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு, பூந்தமல்லிக்கு அப்பால் 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகளைத் தாங்கியிருந்த கிரேன் சரிந்து மூவர் மாண்டார்கள். மறுநாள் என் யூனிட் லைட்மேன்கள் வேலைக்கு வந்தபோது ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அதற்குச் சரியாக ஒரு மாதத்தில், மார்ச் 19 முதல், பெருந்தொற்றினால் படப்பிடிப்புகள் எல்லாம் நின்றுபோயின. அந்த மாதங்களில் அரிசி கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டியவர்களும் இதே மனிதர்கள்தான்.

பெரிய விபத்து பத்திரிகையில் வருகிறது. ஆனால் நமக்கு அடிக்கடி நேரக்கூடிய ஆபத்து பத்திரிகையில் வராது: விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டியரிங் பிடித்த டிரைவர், பகலெல்லாம் வண்டிக்குள்ளே வெயிலில் புழுங்கி அரைத் தூக்கம் தூங்கி, நடுநிசியில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறாரே, அதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தடவை எங்கள் வண்டி சாலையை விட்டு மணலில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்து, "ஒரு செகண்டு சார், ஒரு செகண்டுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து இரவு தாண்டுகிற வேலை ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது டிரைவரின் கூலியைப் பட்ஜெட்டில் முதல் வரியிலேயே எழுதுகிறேன். குறைக்கச் சொன்னால் வேறு எதையாவது குறைக்கிறேன். காமிராவுக்கு ஒரு லென்ஸ் குறையட்டும். குழந்தைகள் நடிக்கிற வேலையிலும் இப்படியே: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது குழந்தையின் பெயரிலேயே வைப்பு நிதியில் போக வேண்டும் என்று 2017-இன் விதிகள் சொல்கின்றன. பெற்றோரே "பரவாயில்லை சார், இன்னொரு டேக் எடுங்க" என்று சொல்வார்கள். அப்போது கடிகாரத்தைக் காட்டி மறுக்கிறவர் ஸ்பாட்டில் உங்களைத் தவிர வேறு ஒருவரும் இருக்க மாட்டார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்தத் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். காமிராவுக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்து முதல் ஷாட்டுக்கு எல்லோரும் மூச்சடக்கி நிற்கிற அந்த நிமிஷத்தில், ஒவ்வொருவரும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார்கள், அதற்கு நான் காரணமாக இருந்தேன் என்று அறிவதில் உள்ள திருப்தி, இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் குறையவில்லை. கடைசி நாள் பூசணிக்காய் உடைத்த பின், பேட்டா வாங்கிக்கொண்டு போகிற லைட்மேன், "அடுத்த வேலைக்கும் கூப்பிடுங்க மேனேஜர்" என்று சொல்வதை நான் எந்தப் பரிசுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நான் உபயோகிக்கிற ஒப்பந்தப் படிவங்கள் மூன்றையும், கம்பெனியோடு செய்துகொள்வது, வீட்டுக்காரரோடு செய்துகொள்வது, யூனிட்டில் ஒவ்வொருவரோடும் செய்துகொள்வது, தமிழில் எழுதி, மேம்பாலத்தின் கீழே பஸ் நிறுத்தத்தை ஒட்டியுள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. 'ஷூட்டிங் படிவம்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கம்பெனிப் படிவத்தில் ஆறாவது வரி, "படப்பிடிப்பு நாட்களுக்குரிய பேட்டா, உணவு, வண்டிச் செலவு முழுவதும் பெற்றுக்கொண்ட தேதி" என்று இருக்கும். அந்த வரி நிரம்பாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள். படிவத்தில் விட்டுப்போனவை இருக்கலாம். இரவு வேலைக்கு வருகிற பெண்களை வீடு சேர்ப்பது பற்றி நான் எழுதியிருப்பது போதாது என்று உங்களில் ஒரு பெண் சொன்னது சரியென்று எனக்கும் படுகிறது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். உங்கள் அனுபவத்தில் தோன்றுவதை எழுதி, ஒரு நகலை அதே கடையில் வைத்துவிடுங்கள். வரும் சனிக்கிழமை எனக்கு விடியற்காலைக் கால்ஷீட். நாலேகாலுக்குக் கூட்டுரோட்டில் இருப்பேன். வர முடிந்தவர்கள் வாருங்கள், இட்லி கூடுதலாகவே சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவன்
மேடவாக்கம்